வேடம் புனைந்த ஊரும் விருந்து வைத்த வீடும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வரைபடத்தில் மிச்சிகன் மாநிலம் ஒரு கையுறையின் வடிவில் கிடக்கிறது. அம்மாநிலத்தாரிடம் "உங்கள் ஊர் எங்கே?" என்று கேட்டால், வரைபடத்தைத் தேட மாட்டார்கள். வலது உள்ளங்கையைத் தம் முகத்துக்கு நேரே விரித்து, அதில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டுவார்கள். அவ்வாறு பெருவிரலின் அடிப்பகுதியைத் தொட்டுக் காட்டினால், அங்கே இருக்கிறது ஃபிராங்கன்முத் என்னும் சிற்றூர். டெட்ராயிட் மாநகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 150 கிலோ மீட்டர். குடிமக்கள் ஐயாயிரம் பேர். நம் நாட்டுக் கணக்கில் அது ஒரு பெரிய கிராமம், அவ்வளவே.

ஆனால் இந்த ஐயாயிரம் பேர் வாழும் ஊருக்கு ஆண்டொன்றுக்கு முப்பது இலட்சம் பேர் வந்து போவதாக ஊரார் கணக்குச் சொல்கிறார்கள். அவர்கள் காண வருவது பழம்பெரும் கோயிலையோ அருவியையோ அன்று. பெரும்பாலோர் கோழிக்கறிச் சாப்பாடு சாப்பிட வருகிறார்கள்! ஒரு குடும்பத்தார் நடத்தும் இரண்டு உணவு விடுதிகளே இவ்வூரின் பெயரை நாடறியச் செய்தவை. அக்குடும்பத்தின் உழைப்பையும், அவர்கள் ஊருக்கே அணிவித்த வேடத்தையும் பற்றிச் சில செய்திகளை வாசக அன்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

துணிவின் பெயரால் ஓர் ஊர்

ஊரின் பெயர் ஜெர்மன் மொழிச் சொல். 'ஃபிராங்கன்' என்பது தென் ஜெர்மனியில் நியூரம்பர்க் நகரைச் சூழ்ந்த ஃபிராங்கோனியா நாட்டு மக்களைக் குறிக்கும். 'முத்' என்றால் துணிவு. ஃபிராங்கோனியரின் துணிவு என்பது பொருள்.

1845 ஆம் ஆண்டு வில்ஹெல்ம் லோஹெ என்னும் லூத்தரன் சபைக் குரு, தம் பகுதியிலிருந்து ஒரு சிறு குழுவினரை அமெரிக்கக் காட்டுக்கு அனுப்பினார். சிப்பெவா என்னும் பழங்குடியினருக்கு மறைப்பணி ஆற்றுவது அவர்கள் நோக்கம். அக்காலத்தில் பவேரிய நாட்டில், சொத்தும் ஊர்ச் சபையின் இசைவும் இல்லாத ஏழைகள் மணம் முடிப்பது எளிதன்று. ஆதலால் அக்குழுவில் வந்த சில இணைகள் கப்பலிலேயே மணம் முடித்துக்கொண்டனர். கரை இறங்குமுன்பே குடும்பங்களாகிவிட்டவர்கள் காஸ் ஆற்றங்கரையில் மரம் வெட்டிக் குடிசை கட்டிக் குடியேறினர். இவ்வூரின் வரலாறு திருமண விருந்தில் தொடங்குகிறது என்று சொன்னால் மிகையாகாது.

இங்கே தமிழராகிய நமக்கு ஒரு வியப்பான தொடர்பும் உண்டு. 1847 இல் பையர்லைன் என்னும் இளம் ஜெர்மானிய மறைபரப்பாளர் ஃபிராங்கன்முத்துக்கு வந்து, சிப்பெவா மக்களிடையே சில ஆண்டுகள் பணியாற்றினார். 1853 இல் அவரைப் பணித்தலைமை வேறொரு நாட்டுக்கு மாற்றியது. அது நம் தமிழகம்! கடலூர்ப் பகுதியில் நெடுங்காலம் வாழ்ந்த அவர், தமிழர் நாட்டைப் பற்றி எழுதிய நூல் 1875 இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. மிச்சிகன் காட்டின் பனியையும் கடலூர் வெயிலையும் ஒரே வாழ்நாளில் கண்ட மனிதர் அவர்.

அவர் சென்ற பின் பழங்குடியினரிடையே நடந்த பணி நீடிக்கவில்லை. அம்மக்கள் வேறிடம் பெயர்ந்தனர். ஊர் உழவர்களின் ஊராக நிலைத்தது. உழவும், மாவு ஆலையும், பீர் வடிக்கும் ஆலையும், வண்டிப் பாதையில் வருவோர்க்குத் தங்கும் விடுதிகளும் தோன்றின. அவ்விடுதிகளிலிருந்தே நம் கதை வளர்கிறது.

அன்னையர் நாளில் திறந்த கதவு

1888 இல் தியோடர் ஃபிஷர் என்பவர் ஊரின் முதன்மைத் தெருவில் ஒரு விடுதி தொடங்கினார். ஊர் ஊராகச் சென்று சரக்கு விற்கும் வணிகர்கள் அங்கே தங்கினர். அவர்களுக்கு வீட்டுச் சாப்பாடு போலக் கோழிக்கறி விருந்து படைக்கப்பட்டது. உண்டவர்கள் அதன் சுவையைப் போகுமிடமெல்லாம் பரப்பினர். மோட்டார் கார்கள் பெருகிய காலத்தில் நகரத்துக் குடும்பங்கள் ஞாயிறுதோறும் அச்சாப்பாட்டுக்காகவே புறப்பட்டு வரலாயின.

அத்தெருவின் எதிர்ப்புறத்தில் இன்னொரு பழைய விடுதி இருந்தது. 1920களின் இறுதியில் அதை விலைக்கு வாங்கியவர்கள் வில்லியம் ஸேந்தர், எமிலி ஸேந்தர் என்னும் கணவனும் மனைவியும். கட்டிடத்துக்கு ஓர் அழகு வேண்டும் என்று எண்ணிய அவர்கள், அமெரிக்காவின் முதற் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் வாழ்ந்த மவுண்ட் வெர்னன் மாளிகையின் சாயலில் வெண்ணிறத் தூண்கள் நிறுத்தி முகப்பை மாற்றினர். 1929 ஆம் ஆண்டு மே மாதம், அன்னையர் நாளன்று கதவைத் திறந்தனர்.

அந்த ஆண்டை எண்ணிப் பாருங்கள். நாடெங்கும் மதுவிலக்குச் சட்டம் நடப்பில் இருந்தது. மிச்சிகனிலோ அது 1918 மே மாதமே வந்துவிட்டது. விடுதிக்கு வழக்கமாக ஆதாயம் தரும் மது விற்பனை சட்டப்படி இல்லை. கதவு திறந்து ஆறு மாதம் ஆகுமுன்பே நியூயார்க் பங்குச் சந்தை சரிந்து, பெரும் பொருளாதார மந்தம் தொடங்கியது. மதுவிலக்கை நீக்கும் சட்டத் திருத்தத்துக்கு முதன்முதலில் இசைவு தந்த மாநிலம் மிச்சிகனே எனினும், அது நடந்தது 1933 ஏப்ரலில். இடைப்பட்ட கடின ஆண்டுகளைக் கடக்கச் சமையலறையையே அவர்கள் நம்ப வேண்டியிருந்தது.

திறப்பு விழாவுக்கு அன்னையர் நாளைத் தேர்ந்ததில் இத்தொழிலின் முழு உண்மையும் அடங்கியிருக்கிறது. பிறர் வீட்டு அன்னையர் அன்று சமையலுக்கு விடுமுறை பெற்று, நல்ல உடை உடுத்தி வந்து அமர்வார்கள். உணவு விடுதி நடத்துவோர் வீட்டு அன்னைக்கோ, ஆண்டிலேயே கடினமான வேலை நாள் அதுதான். பிறருடைய திருநாளே தன் உழைப்பு நாள் என்று ஏற்றுக்கொள்ளும் குடும்பம் மட்டுமே இத்தொழிலில் நிலைக்கும்.

வேடம் வந்த விதம்

1950 இல் எதிர்ப்புற ஃபிஷர் விடுதி விலைக்கு வந்தது. ஸேந்தர் குடும்பத்தார் அதையும் வாங்கினர். தெருவின் இருபுறமும் ஒரே குடும்பத்தின் இரண்டு விடுதிகள். ஆனால் புதிதாக வாங்கியது ஆதாயம் தரவில்லை. ஆண்டுகள் சென்றும் இழப்பே மிஞ்சியது. மூடிவிடலாமா என்னும் கேள்வி எழுந்தது. அப்போது பிறந்ததே வேடத்தின் எண்ணம்.

அதன் பொறுப்பை ஏற்றிருந்தவர் மகன் வில்லியம். 'டைனி', அதாவது 'சின்னஞ்சிறியவர்' என்று அவரை அழைத்தனர். அவருடைய மனைவி டாரத்தி, இளம் வயதில் அதே ஃபிஷர் விடுதிக்குப் பரிமாறும் பணிப்பெண்ணாக வந்தவர். கட்டிடத்தைப் பெரிதாக்கி, சரிந்த கூரையும் மரச் செதுக்கல்களும் ஓவியம் தீட்டிய சுவர்களும் பூத்தொட்டி தொங்கும் மாடங்களுமாக, பவேரிய மலைநாட்டு வீட்டின் கோலத்தில் அமைத்தனர். 1959 இல் 'பவேரியன் இன்' என்னும் புதுப்பெயருடன் அது திறக்கப்பட்டது. ஒரு வாரம் விழா எடுத்தனர். எதிர்பாராத கூட்டம்! அவ்விழாவே பின்னர் ஊரின் ஆண்டு விழாவாயிற்று. கடைக்காரர்களும் வங்கியினரும் ஒருவர் பின் ஒருவராகத் தம் கட்டிடங்களுக்கும் அதே கோலத்தை அணிவித்தனர். நெடுஞ்சாலை ஊரைத் தொடாமல் ஏறத்தாழ பத்துக் கிலோ மீட்டர் தொலைவில் விலகிச் சென்றபோதும், மக்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஊருக்குள் வந்தனர்.

அந்தத் தெருவில் நான் நடந்தது ஒரு கோடைக்காலப் பிற்பகலில். டெட்ராயிட் அருகே குடியேறி மோட்டார்த் தொழிற்சாலையில் பொறியாளராகப் பணிபுரியும் நம் பகுதி இளைஞர் ஒருவர், மனைவி மக்களுடன் என்னை அழைத்துச் சென்றிருந்தார். எங்கும் பூத்தொட்டிகள், எங்கிருந்தோ அக்கார்டியன் இசை, தோல் அரைக்காற்சட்டை அணிந்த ஆடவர், பூவேலைப் பாவாடையும் வெண் மேலாடையும் அணிந்த பெண்டிர். விடுதியின் கோபுரத்தில் மணி அடித்ததும் சிறு கதவு திறந்து, செதுக்கிய பொம்மைகள் ஊர்வலம் வந்து கதை சொல்லின. 1967 இல் கட்டிய கோபுரம் அது. பொம்மைகள் சொன்னது, எலிகளையும் பின்னர்ச் சிறுவர்களையும் தன் குழலோசையால் அழைத்துச் சென்ற ஹாமெலின் நகரத்துக் குழலூதியின் கதை.

அங்கே எனக்கு ஒரு சிரிப்பு வந்தது. ஹாமெலின் நகரம் பவேரியாவில் இல்லை. அது வட ஜெர்மனியில் உள்ளது. அதுமட்டுமன்று. சரிந்த கூரை வீடும் தோல் அரைக்காற்சட்டையும் பவேரியாவின் தென்கோடி ஆல்ப்ஸ் மலையடிவார மக்களுக்கு உரியவை. இவ்வூரை நிறுவியவர்களோ ஃபிராங்கோனியர். மரச்சட்டங்களிடையே சுவர் நிரப்பிய வீடுகளில் வாழ்ந்தவர்கள். அவர்கள் நாடு பவேரிய அரசோடு இணைக்கப்பட்டது 1806 ஆம் ஆண்டையொட்டித்தான். நாற்பது ஆண்டுகள்கூடப் பவேரியராக இராத மக்கள், கப்பலேறி வந்து நூறு ஆண்டுகளுக்குப் பின், பவேரிய வேடம் புனைந்துகொண்டார்கள்! பாட்டனார் ஒருநாளும் உடுத்தாத உடையைப் பேரர் 'எங்கள் பாட்டனார் உடை' என்று உடுத்தியது போன்றது இது.

இது பொய்யாகாதா என்று கேட்கலாம். நானும் எனக்குள் கேட்டுக்கொண்டேன். ஊரைச் சுற்றி வருகையில் விடை கிடைத்தது. வேடத்துக்குள்ளே வேடமல்லாத பலவும் அங்கே உண்டு. விடுதிக்குப் பின்னால் காஸ் ஆற்றின்மேல், கூரை வேய்ந்த மரப்பாலம் ஒன்று இருக்கிறது. 1980 இல் கட்டப்பட்டது. பழைய முறையில் மரப்பாலம் கட்டும் கலையில் தேர்ந்த மில்டன் கிராட்டன் என்னும் தச்சர் அதைக் கட்டினார். கரையில் பாலத்தை முழுமையாகப் பொருத்திய பின், இயந்திரத்தின் துணையின்றி, உருளையில் கயிறு சுற்றி, எருதுகளைக் கொண்டு ஆற்றின் குறுக்கே மெல்ல மெல்ல இழுத்து நிறுத்தினர். எழுபது மீட்டருக்கு மேற்பட்ட நீளம். இன்றும் கார்கள் அதன் வழியே செல்கின்றன. வேடிக்கைக்காக எழுப்பியதாயினும் அதிலுள்ள தச்சு வேலை உண்மை. எருதுகளின் உழைப்பும் உண்மை.

பந்தியில் அமர்ந்தபோது

"ஃபாதர், இங்கே உணவுப் பட்டியலைப் பார்க்கத் தேவையில்லை, எல்லாரும் கேட்பது ஒன்றேதான்" என்றார் அழைத்துச் சென்ற இளைஞர். அவ்வாறே நடந்தது. நீண்ட மேசை. முதலில் ரொட்டியும், நூல் போன்ற சேமியா மிதக்கும் கோழிச் சாறும், அரிந்த முட்டைக்கோசும் வந்தன. பிறகு பெரிய தட்டில் பொரித்த கோழி. கிண்ணங்களில் மசித்த உருளைக்கிழங்கு, குழம்பு, வெண்ணெயில் புரட்டிய சேமியா, காய்கறி. தனித்தனித் தட்டில் அளந்து வைப்பதில்லை. கிண்ணத்தை ஒருவர் எடுத்து, தமக்கு வேண்டியதை இட்டுக்கொண்டு, அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும். தீர்ந்தால் மீண்டும் கொண்டுவருவார்கள். "போதும்" என்று நாம் சொல்லும்வரை கொண்டுவருவார்கள். இதைக் 'குடும்ப முறைப் பந்தி' என்கிறார்கள்.

எதிர் மேசையில் மூன்று தலைமுறையினர் அமர்ந்திருந்தனர். கிண்ணம் கைமாறும்போது பேத்தி பாட்டியின் தட்டில் பரிமாறினாள். தனித்தனியே கட்டளையிட்டு, தனித்தனியே வந்த தட்டைத் தனித்தனியே உண்ணும் ஓட்டல்களில் இக்காட்சி அரிது. பக்கத்தில் இருப்பவரைப் பாராமல் இங்கே உண்ண இயலாது. விருந்தினரைப் பேச வைப்பதும், பகிர வைப்பதும், "உங்களுக்குப் போதுமா?" என்று கேட்க வைப்பதும் அந்தக் கிண்ணமே.

தொழில் நோக்கில் பார்த்தாலும் இது சூழ்ச்சித் திறம் மிக்க ஏற்பாடு. உணவு விடுதித் தொழிலில் வரும் நூறு டாலரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உணவுப் பொருளுக்கும், மூன்றில் ஒரு பங்கு ஊதியத்துக்கும் போய்விடும். மீதியில் எரிபொருள், வரி, காப்பீடு, பழுதுபார்த்தல், கடன் வட்டி. எல்லாம் போக நூற்றுக்கு ஐந்து மிஞ்சினால் அது நல்ல ஆண்டு. பட்டியலில் எழுபது வகை உணவு வைத்தால், எழுபதுக்கும் பொருள் வாங்கிக் காத்திருக்க வேண்டும். கேளாதவை கெட்டுப் போகும். ஒரே விருந்தை எல்லாரும் உண்பதால், எத்தனை கோழி, எத்தனை மூட்டை உருளைக்கிழங்கு என்று காலையிலேயே கணக்கிடலாம். வயிறாரக் கொடுத்தால் இழப்பு வராதா எனில், ஓர் இளைஞன் மும்முறை கேட்டு உண்டால், அருகிலுள்ள முதியவரும் குழந்தையும் சிறிதே உண்கிறார்கள், கணக்கு நேராகிவிடுகிறது. தாராள மனமும் தேர்ந்த கணக்கும் ஒரே கிண்ணத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன.

வாஷிங்டன் மாளிகை போன்ற முதல் விடுதியில் 1500 பேருக்கு மேல் ஒரே நேரத்தில் அமரலாம். இதில் சுவையான செய்தி என்னவென்றால், ஒன்று வாஷிங்டன் வேடமும், மற்றொன்று பவேரிய வேடமும் புனைந்திருந்தாலும், இரண்டிலும் மேசைக்கு வருவது அதே கோழி விருந்துதான்! வேடம் வேறு, விருந்து ஒன்று. இன்று குடும்பத்தின் தனித்தனிக் கிளையினர் அவற்றைத் தனித்தனியே நடத்துகின்றனர். எதிரெதிர் வாசலில் உறவினர் இருவர் ஒரே தொழில் செய்தும் இரண்டும் தழைத்திருப்பது எளிய செயலன்று என்பதைச் சொத்துப் பிரிவினையைக் கண்ட நம் குடும்பங்கள் நன்கு அறியும்.

பீர்க் குவளையும் பொறுப்பும்

ஜெர்மானியர் ஊர் என்றால் பீர் இல்லாமல் இராது. ஃபிராங்கோனியா நாட்டில் சிற்றூர்தோறும் பீர் வடிக்கும் குடும்பம் ஒன்று இருக்கும். அக்குடும்பமே உணவு விடுதியும் நடத்தும். அம்மரபு இவ்வூருக்கும் வந்தது. 1862 இலேயே ஆற்றங்கரையில் பீர் ஆலை தோன்றியது. 1996 இல் வீசிய சூறாவளி அதைச் சிதைத்தது; பின்னர் உணவகத்துடன் கூடிய சிறு ஆலையாக அது மீண்டும் எழுந்தது.

மதுக்கடை என்றதும் நம் தாய்மார்களின் முகம் வாடும். காரணமும் உண்டு. நம் நாட்டில் மது பெரும்பாலும் குடும்பத்தை விட்டு விலகிச் சென்று, நின்றபடியே, விரைவாக, மயங்கும் நோக்கத்துடன் குடிக்கப்படுகிறது. இங்கே குடிப்பவன் அருகில் அவன் தாயும் மனைவியும் பிள்ளையும் அமர்ந்திருக்கிறார்கள். முன்னால் உணவு இருக்கிறது. பரிமாறும் பெண் அடுத்த வீட்டுக்காரர் மகள். இத்தனை கண்களுக்கு முன்னே அளவு மீறுவது கடினம். ஆயினும் மதுவால் வரும் தீங்கு அங்கும் இல்லாமல் இல்லை. சாலை விபத்தும், சிதைந்த குடும்பமும் அங்கும் உண்டு.

ஆகவேதான் சட்டம் விற்பவன் தலையிலும் பொறுப்பை ஏற்றி வைத்திருக்கிறது. மிச்சிகனில் 21 வயது நிரம்பாதவர்க்கு மது தரலாகாது. 1972 இல் அவ்வயதைப் பதினெட்டாகக் குறைத்துப் பார்த்து, 1978 டிசம்பரில் மீண்டும் இருபத்தொன்றாக உயர்த்தினர். கண்ணுக்குத் தெரியும்படி மயங்கியிருக்கும் ஒருவனுக்கு மேலும் ஊற்றிக் கொடுத்து, அவன் வெளியே சென்று வேறொருவருக்குத் தீங்கு இழைத்தால், கெட்டவர் குடும்பம் விற்ற விடுதியின் மீதே வழக்குத் தொடுத்து இழப்பீடு கேட்கலாம். குடித்தவன் பாடு அவன் பாடு என்று கைகழுவ முடியாது. எனவே பரிமாறும் இளம்பெண்ணுக்குக் குவளையை நிரப்பக் கற்றுத் தருவதோடு, "இனி உங்களுக்குத் தர இயலாது, ஐயா, காப்பி கொண்டுவரட்டுமா?" என்று பணிவாகச் சொல்லவும் கற்றுத்தர வேண்டியிருக்கிறது. மதுவில் கிடைக்கும் ஆதாயம் உணவில் கிடைப்பதைவிடக் கூடுதல். அந்த ஆதாயத்தைக் கையில் வைத்துக்கொண்டே "போதும்" என்று சொல்லத் தெரிவதில்தான் நல்ல விடுதிக்காரனின் மனச்சான்று வெளிப்படுகிறது. விருந்தில் "இன்னும் வேண்டுமா?" என்றும், மதுவில் "இனி வேண்டாம்" என்றும் சொல்லத் தெரிந்த வீடே விருந்தோம்பும் வீடு.

குளிர்காலத்துக் கணக்கு

கோடையில் நான் கண்ட கூட்டத்தைக் கண்டு, இது பணம் கொழிக்கும் தொழில் என்று எவரும் எண்ணிவிடலாம். மிச்சிகனின் சனவரி மாதத்தை எண்ண வேண்டும். முழங்கால் அளவு பனி. சாலைகள் வழுக்கும். 1500 இருக்கைகளுள் எத்தனை நிரம்பும்? கூடத்தைச் சூடேற்றும் செலவோ கோடையைவிடக் கூடுதல். சமையற்காரரைக் குளிர்காலத்தில் அனுப்பிவிட்டால், கோடையில் அவர் திரும்பி வருவார் என்பது என்ன உறுதி?

இதற்காக அவர்கள் பனியையே விருந்துக்கு அழைத்தனர். 1992 முதல் ஒவ்வொரு சனவரியிலும் பனிச் சிற்ப விழா நடத்துகிறார்கள். ஊர்வாசியான வாலி பிரானர் என்பவர் 1945 இல் தொடங்கிய கிறிஸ்துமஸ் அலங்காரப் பொருள் கடையும், ஊரின் தென்கோடியில் பெருமாளிகையாக வளர்ந்து, இலையுதிர் காலம் முழுவதும் மக்களை வரவழைக்கிறது. கடைக்கு வந்தவர் உண்ண வருகிறார். உண்ண வந்தவர் கடைக்குப் போகிறார். சிற்றூரில் ஒருவர் வாழ்வு மற்றவர் வாழ்வோடு பின்னியது என்பதை அவர்கள் உணர்ந்திருக்கிறார்கள். அவ்வூர் இளைஞர் பலருக்கு வாழ்வின் முதல் ஊதியம் இவ்விடுதிகளின் சமையற்கட்டிலோ பந்தியிலோ கிடைத்ததுதான்.

எந்தத் திட்டமும் காக்க முடியாத சோதனையும் வந்தது. 2020 மார்ச் 16 அன்று, தொற்றுநோய் காரணமாக, மிச்சிகன் முழுவதும் உணவு விடுதிகளில் அமர்ந்து உண்பது நிறுத்தப்பட்டது. சூன் 8 அன்று கட்டுப்பாடுகளுடன் இசைவு கிடைத்தது. நவம்பரில் மீண்டும் தடை. 2021 பிப்ரவரி வரை நீடித்தது. ஆக, அந்த ஆண்டு அன்னையர் நாளில் கூடங்களில் பந்தி இல்லை. பொருளாதார மந்தம், போர் எல்லாம் கடந்து 1929 முதல் திறந்திருந்த வீட்டுக்கு அது எத்தகைய மௌனம்! கைமாறிச் செல்லும் கிண்ணமே உயிராக இருந்த இடத்தில், கை தொடுவதே அச்சமாயிற்று. பொட்டலம் கட்டி வாசலில் கொடுப்பது வயிற்றுக்குப் போதும், பந்திக்கு ஈடாகாது. வேடம் முழுவதும் அப்படியே இருந்தது. செதுக்கிய மரம் இருந்தது, பூத்தொட்டி இருந்தது. ஆனால் மேசையைச் சுற்றி மனிதர் இல்லை. அப்போதுதான் எது வேடம், எது உயிர் என்பது ஐயமறத் தெரிந்தது.

சமையற்கட்டில் ஒரு மூதாட்டி

முன்னர்க் குறிப்பிட்ட டாரத்தி ஸேந்தர் 1921 டிசம்பரில் பிறந்தவர். தொண்ணூறு வயதைக் கடந்த பின்னும் பவேரியன் இன் சமையற்கட்டுக்கு வந்து, சுவை பார்த்து, ரொட்டியையும் குழம்பையும் கண்காணித்து வந்தார். 2021 இல் நூறாவது பிறந்த நாள் கண்டார். விடுதியின் கூரையும் கோபுரமும் வேடமாகலாம். பரிமாறும் பெண்ணாக வந்து, உரிமையாளரான பின்னும் அடுப்பங்கரையை விட்டு நீங்காத அந்த அம்மையாரின் கை வேடமன்று. அவருடைய மக்களும் பேரர்களும் அவ்விடுதியின் பணியில் இருக்கிறார்கள் என்றால், உரிமைப் பத்திரத்தோடு அந்தக் கையின் பழக்கத்தையும் பெற்றிருக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

குடும்பத் தொழில் மூன்றாம் தலைமுறையில் கலைவது உலகெங்கும் கண்ட வழக்கம். பாட்டனார் உழைப்பார், தந்தை காப்பார், பேரர் விற்பார். இது நம் பங்குகளிலும் நடக்கிறது. சிறிய உணவுக்கடையோ, ரொட்டி அடுப்போ, மளிகையோ வைத்து மக்களைப் படிக்க வைத்த பெற்றோர், "எங்கள் பாடு எங்களோடு போகட்டும்" என்று சொல்லியே வளர்க்கிறார்கள். பிள்ளைகளும் பண்டிகை நாளில் தந்தை வீட்டில் இல்லாததையே கண்டு வளர்கிறார்கள், அத்தொழிலை வெறுக்கிறார்கள். அவர்களைக் குறை கூற இயலாது. பிறர் விருந்தில் தம் திருநாளைக் கரைக்கும் தொழில், அதன் பொருளையும் சேர்த்துப் பிள்ளைக்குக் காட்டாவிட்டால், சுமையாக மட்டுமே தோன்றும்.

ஃபிராங்கன்முத்தில் கற்கத்தக்கது இதுவே. மலைநாட்டுக் கூரையையும் பொம்மைக் கோபுரத்தையும் எந்தப் பணக்காரரும் எந்த ஊரிலும் எழுப்பிவிடலாம். அவை முதல் முறை விருந்தினரை அழைத்து வரும். இரண்டாம் முறை அழைத்து வருவது வேறு. தாயுடன் வந்த சிறுமி, பின்னர்த் தாயாகித் தன் மகளை அழைத்து வருகிறாள் என்றால், பொம்மை ஊர்வலம் காண அன்று. அந்த மேசையில் தன் தாய் தன் பக்கம் கிண்ணத்தை நீட்டிய நினைவுக்காக.

நம் வீடுகளிலும் மேசை இருக்கிறது, அல்லது தரையில் விரித்த பாய் இருக்கிறது. தொலைக்காட்சியின் முன்னும் கைப்பேசியின் முன்னும் ஆளுக்கொரு நேரம் தனித்து உண்ணும் பழக்கம் நம்மிடையே பெருகி வருகிறது. நூற்றைம்பது கிலோ மீட்டர் வண்டியோட்டிச் சென்று, விலை கொடுத்து, ஒரு கிண்ணத்தைக் கைமாற்றி உண்ணும் இன்பத்தை அம்மக்கள் தேடிப் பெறுகிறார்கள். நமக்கோ அது நம் அடுப்பங்கரைக்கும் கூடத்துக்கும் இடையே, விலையின்றிக் கிடைக்கிறது. வாரத்தில் ஒருவேளையாவது எல்லாரும் கூடி அமர்ந்து, ஒரே பாத்திரத்திலிருந்து ஒருவருக்கொருவர் பரிமாறி உண்போம். அன்று அடுப்படியில் நிற்கும் தாய்க்கும் பந்தியில் ஓர் இடம் வைப்போம்.